நேராக ஓடுகிறதே என்று நம்ப வேண்டாம்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை கொச்சியில் இறங்கியதும், வைட்டிலா வழியாகப் போகிற சைக்கிள்களின் ரிம்களில் ஒரு கறுப்புச் சேறு வழியத் தொடங்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க அது கூடும். ஃபோர்க்கில் தெறிக்கும், பேன்ட்டில் ஒட்டினால் துவைத்தாலும் லேசில் போகாது. ரோட்டு அழுக்கு என்று நினைத்துப் பெரும்பாலானோர் துடைத்துவிடுகிறார்கள். ரோட்டு மணலும் பிரேக் கட்டையின் ரப்பரும் அதில் இருப்பது உண்மைதான். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அலுமினியம். அது ரிம்மிலிருந்து உரிந்து வந்தது.

ரிம் பிரேக் வைத்த சைக்கிளில் ரிம்முக்கு இரண்டு வேலை. டயரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கட்டை வந்து அழுத்தும்போது உராய்ந்து வண்டியை நிறுத்தவும் வேண்டும். இரண்டையும் செய்வது ஒரே பக்கச்சுவர். புது அலுமினிய ரிம்மில் அந்தச் சுவர் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்ற வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களிடையே பொதுவான கணக்கு. ஆக, ரிம்மின் வாழ்நாள் முழுவதும் நாம் தேய்க்கக் கிடைப்பது அரை மில்லிமீட்டர்தான். கோயம்புத்தூரின் காய்ந்த ரோட்டில் அது பல வருடம் தாங்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரையொட்டி மழை பெய்யும் கொச்சியில் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே ஈரமணல் புகுந்து உப்புத்தாள்போல் அராவுகிறது. தினமும் மழையில் ஓட்டி, அடிக்கடி பிரேக் பிடிப்பவரின் ரிம் ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே முடிந்துபோகலாம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே. கடைக்கு வரும் சக்கரத்தை நாம் கோட்டத்தை வைத்து மதிப்பிடுகிறோம். ஆடினால் கெட்டது, ஆடாவிட்டால் நல்லது. இந்த அளவுகோல் தவறு, ஆபத்தானதும்கூட. ஆடுகிற சக்கரங்களில் பல நிப்பிள் சாவியால் சரியாகிவிடும். ஆடாமல் அம்பு மாதிரி ஓடிக்கொண்டே பக்கச்சுவர் மெலிந்துபோன சக்கரத்தை எந்தச் சாவியாலும் சரிசெய்ய முடியாது.

மெலிந்த சுவர் என்ன ஆகும்? டயருக்குள் இருக்கும் காற்று இரண்டு பக்கச்சுவர்களையும் எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 37 மில்லிமீட்டர் அகல டயரில் 65 பிஎஸ்ஐ காற்று அடித்திருந்தால், ரிம்மின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்தையும் டயர் உறை இழுக்கும் விசை எட்டு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். டயர் அகலமாக ஆக, அதே காற்றழுத்தத்தில் இழுப்பும் கூடும். அதனால்தான் பழைய மெல்லிய ரிம்மில் தடித்த டயரைப் போட்டுக் கல்லுபோலக் காற்றடிப்பது வினையை விலைக்கு வாங்குவது. சுவர் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் நீளவாக்கில் கிழியும். டியூப் வெடிக்கும். கிழிந்த உலோகப் பட்டை பிரேக்கிலோ ஃபோர்க்கிலோ சிக்கினால் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் என்றால் வண்டி இழுத்துக்கொண்டு நிற்கும். முன்சக்கரம் என்றால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற ரோட்டில் விழுவார்.

வைட்டிலாவில் ரோட்டில் விழுவது வேறு ஊரில் விழுவதுபோல் அல்ல. தேசிய நெடுஞ்சாலை 66-ம், எர்ணாகுளத்திலிருந்து வரும் சகோதரன் அய்யப்பன் சாலையும், திருப்பூணித்துறை சாலையும் சந்திக்கும் இடம் அது. 2011 பிப்ரவரியில் இங்கே மொபிலிட்டி ஹப் திறந்தார்கள். பஸ்கள் வரிசையாக வந்து போகின்றன. 2021 ஜனவரி 9-ஆம் தேதி மேம்பாலம் திறந்தது. நெடுஞ்சாலையில் நேரே போகிற வண்டிகள் மேலே போய்விட்டன. திரும்புகிற பஸ்களும் லாரிகளும் இன்னும் கீழேதான், சைக்கிள்காரருக்குப் பக்கத்தில். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய சாலைகளில் 4,836 சைக்கிள்காரர்கள் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. பின்னால் பஸ் வரும்போது கீழே விழுகிற ஒரு நொடி போதும்.

ரிம் கிழிவதற்கு முன் பெரும்பாலும் ஓர் அறிகுறி தரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஒரு தடவை, ஒரே இடத்தில், லேசாகத் தட்டும். அந்த இடத்தில் சுவர் மெலிந்து காற்றின் தள்ளலில் வெளியே உப்பியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கடையில் என்ன நடக்கும்? "அண்ணே, அந்த இடத்துல மட்டும் பெண்டு அடிக்குது. எடுத்துட்டா சரியாப்போயிடும்." கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ரிம் விளிம்பு அங்கே கட்டையைத் தொடுவது உண்மை. போக்ஸ் கம்பியை இழுத்து அதை உள்ளே தள்ளிவிடலாம், தட்டுவதும் நின்றுவிடும். ஒரே எச்சரிக்கையையும் அணைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். தட்டுகிற ரிம்மை நிப்பிள் சாவியால் தொடுவதற்கு முன் தடிமனைப் பார்க்க வேண்டும். இதில் நான் கறாராகவே இருப்பேன்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சக்கரத்தைத் துடைத்துக் காயவைத்து, பிரேக் கட்டை படுகிற பட்டையின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். புது ரிம்மில் தட்டையாக இருக்கும். தேய்ந்ததில் நடுவே ஒரு பள்ளமும், மேல் விளிம்பில் நகம் தடுக்குகிற ஒரு வரம்பும் தெரியும். அடுத்து ஓர் இரும்பு ஸ்கேலின் நேர்விளிம்பை அந்தப் பட்டையின் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவே பிறை மாதிரி வெளிச்சம் கசிந்தால் அவ்வளவு உலோகம் போய்விட்டது. பல ரிம்களில் தேய்மானக் குறி உண்டு. சுற்றிலும் ஓடும் மெல்லிய காடியாகவோ, அங்கங்கே குத்திய சிறு குழியாகவோ இருக்கும்; அது மறைந்துவிட்டால் ரிம்மின் காலம் முடிந்தது. பிரேக்கின் பகுதியாக இருந்து தேய்ந்தால் உடையக்கூடிய ரிம்முக்கு இந்த எச்சரிக்கைக் குறி வேண்டும் என்று சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 4210 கேட்கிறது. ஆனால் குறியே இல்லாத ரிம்களும் நம் கடைகளில் தொங்குகின்றன. குறி இல்லை என்பதால் தேயவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

சரியான எண் வேண்டுமென்றால் டயரைக் கழற்றிவிட்டு வெர்னியரால் அளக்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. சுவரின் உள்விளிம்பில் டயரைப் பிடிக்கும் கொக்கி துருத்திக்கொண்டிருப்பதால் வெர்னியரின் தட்டை வாய் பள்ளத்தைத் தொடாது. தடிமன் அதிகமாகத் தெரியும். உடைந்த போக்ஸ் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, சுவரின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வைத்துச் சேர்த்து அளந்து, கம்பிகளின் தடிமனைக் கழித்துவிடுங்கள். கிடைப்பது உண்மைத் தடிமன். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது. நான்கைந்து இடத்தில் அளந்து மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலை இறங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குண்டன்னூரில் தொடங்கும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் சைக்கிளில் மூணாறு போய்வருகிற இளைஞர்கள் உண்டு. 1,500 மீட்டர் உயரத்திலிருந்து அடிமாலி வழியாக நேரியமங்கலம் பாலம் வரை இறங்கும்போது விடாமல் பிரேக் பிடித்தால் ரிம் சூடாகும், டயருக்குள் காற்றழுத்தம் ஏறும். சமதளத்தில் தாக்குப்பிடித்த மெலிந்த சுவர் அங்கேதான் கிழியும். ஊரில் ஓட்டப் பரவாயில்லை என்று விட்டுவைத்த ரிம்மோடு மலைக்குப் போகக் கூடாது.

டிஸ்க் பிரேக் சைக்கிளில் இந்தத் தேய்மானமே கிடையாது. அங்கே ரிம்முக்கு வயதாவது பள்ளங்களாலும் உப்பாலும்தான்.

இனி கோட்டத்துக்கு வருவோம். சைக்கிள் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம்போல் ஆரக்கால்களின் மேல் நிற்பது அல்ல. இழுத்துக் கட்டிய கம்பிகளின் இழுவிசையால் நிற்பது. ஜார்ஜ் கேலி 1808-இல் தன் பறக்கும் பொறிக்காக எண்ணிய இந்த முறையை, ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மேனும் 1870-இல் தங்கள் சைக்கிளில் பயன்படுத்தினார்கள். நன்றாகக் கட்டிய பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் 100 கிலோ அளவுக்கு இழுபட்டு நிற்கும். 36 கம்பிகளையும் சேர்த்தால் இரண்டரை முதல் மூன்று டன். சக்கரம் சுழலும்போது தரைக்கு மேலே வருகிற கம்பி ஒரு கணம் தளர்ந்து மீண்டும் இறுகும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முதல் 480 தடவை. தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்பதாயிரம் தடவைக்கு மேல்.

கம்பி அறுவது இந்தத் தளர்ந்து இறுகுதலால்தான். அளவுக்கு மீறி இறுக்கியதால் அறுந்தது என்று கடைகளில் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. தொளதொளவென்று இருக்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தளர்ந்து வெடுக்கென்று இறுகுவதால், ஹப்பில் வளைந்து நுழைகிற கழுத்தில் களைத்துப்போகிறது. ஜாப்ஸ்ட் பிரான்ட் என்ற பொறியாளர் சக்கரத்தைப் பற்றி 1981-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக விளக்கினார். அறுந்த கம்பியைத் தூக்கி எறியுமுன் அதன் முனையைப் பாருங்கள். நீளமாக இழுபட்டுக் கூராகியிருக்காது. கழுத்தில் சட்டென்று வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். அந்த முகத்தில் ஒரு பக்கம் மழமழவென்று கறுத்தும் மறுபக்கம் சொரசொரவென்று பளபளத்தும் இருக்கும். கறுத்த பக்கம் நெடுநாளாக விரிசல் விட்டது, பளபளப்பது கடைசியில் ஒரே வீச்சில் போனது.

ஆகவே ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றி, எல்லாக் கம்பிகளின் இறுக்கத்தையும் சமப்படுத்தச் சொல்லலாம். சில வாரங்களில் இரண்டாவது அறுந்து, பிறகு மூன்றாவதும் அறுந்தால், மற்றவையும் அதே வயதில் அதே களைப்பில் இருக்கின்றன என்று அர்த்தம். அப்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது காசைக் கரைக்கிற வேலை. ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் எல்லாக் கம்பிகளையும் கழற்றிப் புதிதாகக் கோக்கச் சொல்லுங்கள்.

பெண்டு எடுத்தால் நிற்குமா, நிற்காதா? அதைக் கம்பிகளே சொல்லிவிடும். பெண்டு எடுத்து முடித்த சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருந்தால் வேலை நல்ல வேலை. சில கம்பிகள் வீணைத் தந்திபோல் விறைத்தும் சில கொடிக்கயிறுபோல் தொய்ந்தும் இருந்தால், ரிம்மே வளைந்துவிட்டது. கம்பிகள் அதைப் பலவந்தமாக நேராகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த பள்ளத்தில் அது பழைய கோட்டத்துக்குப் போய்விடும். சந்தேகம் தீரவில்லையென்றால் கம்பிகளைத் தளர்த்தி ரிம்மைத் தனியாக எடுத்துச் சமதரையில் கிடத்துங்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நின்று ஆடினால் அது ரிம் அல்ல, பழைய உலோகம்.

பள்ளத்தில் விழுந்து விளிம்பு நசுங்கியது வேறு கதை. எஃகு ரிம்மின் சிறு நசுங்கலைத் தட்டி எடுக்கலாம். அலுமினியத்தில் தட்டினால் விரிசல் விடும். அலுமினிய ரிம்மில் நிப்பிள் ஓட்டைகளைச் சுற்றியும் பார்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வரும்போது ஓட்டையிலிருந்து மயிரிழைபோல் ஒரு கோடு கிளம்பியிருந்தாலோ, அந்த இடம் சற்றே வெளியே உப்பியிருந்தாலோ, ரிம்முக்கு வைத்தியம் இல்லை. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் அலுமினியத்தின் பதம் போய்விடும். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

கொச்சியில் மழையோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. வைட்டிலாவை ஒட்டி சம்பக்கரைக் கால்வாய் ஓடுகிறது. மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் காயல் காற்றுதான் காற்று. அலுமினிய ரிம்மில் எஃகு வளையம் பதித்த ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், இரண்டு உலோகமும் உப்புநீரில் நனைந்து அலுமினியம் அரிக்கப்படுகிறது என்று கொள்ளலாம். எஃகு ரிம்மில் துரு வெளியே தெரிவதற்கு முன் உள்ளே பிடிக்கும். கம்பி ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் ரிம் டேப்புக்கு அடியில் தங்கிவிடுகிறது. டேப்பை உரித்தால் செதில் செதிலாகத் துரு உதிரும். வெளியே குரோமியம் மின்னிக்கொண்டிருக்கும். உள்ளே நிப்பிளின் தலை பாதி அளவு உலோகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மண்டிகளில் மூட்டை கட்டும் கேரியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் நாற்பது கம்பி இருந்தென்ன, நிப்பிள் ரிம்மைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டால் கம்பிக்கு வேலை இல்லை.

எஃகு ரிம்மைப் பற்றி இன்னொரு சேதி. எம்ஐடி பேராசிரியராக இருந்த டேவிட் கார்டன் வில்சன் தம் நூலில் ஒரு சோதனை முடிவைத் தருகிறார். எஃகு ரிம் நனைந்துவிட்டால் சாதாரண ரப்பர்க் கட்டையின் உராய்வு, உலர்ந்திருக்கும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மழையில் எஃகு ரிம் சைக்கிளை நிறுத்தப் பலமடங்கு தூரம் வேண்டும். ஆகவே பக்கவாட்டுப் பிரேக் உள்ள எஃகு ரிம் சக்கரம் தேய்ந்து கடைக்கு வந்தால், கொச்சியில் ஓட்டுபவர் அதே எஃகை மறுபடி வாங்கக் கூடாது என்பேன். அலுமினிய ரிம் தேயும், செலவு வைக்கும், ஆனால் மழையில் நிற்கும்.

ஹப்பில் பெரிய குழப்பம் இல்லை. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்றால் கோனை இறுக்கிப் பார்க்கலாம். சுற்றும்போது ஃபிரேமில் விரல் வைத்தால் மணல் அரைபடுவதுபோல் தெரிந்தால் பிரித்து, கிரீஸை மாற்றி, பால்ரஸ் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். வழக்கமாக முன்னால் பக்கத்துக்குப் பத்து, பின்னால் பக்கத்துக்கு ஒன்பது. கோனில் பொத்தல் விழுந்திருந்தால் கோனை மாற்றினால் போதும். உள்ளே அழுந்தியிருக்கும் கிண்ணத்தில் விழுந்திருந்தால் ஹப்பே போய்விட்டது.

காசுக் கணக்கு இப்படிப் போகும். ரிம் மட்டும் முடிந்து ஹப் நல்லதாக இருந்தால் ரிம், கம்பி, கோக்கும் கூலி மூன்றையும் கூட்டுங்கள். பக்கத்திலேயே கட்டிய சக்கரத்தின் விலையையும் கேளுங்கள். சாதாரண சைக்கிளுக்குக் கட்டிய சக்கரமே பெரும்பாலும் மலிவு. ஆனால் ஆலையில் கட்டி வருகிற மலிவுச் சக்கரத்தில் கம்பிகள் தளர்ந்துதான் இருக்கும். வாங்கியவுடன் தெரிந்த கையிடம் கொடுத்து இறுக்கிச் சமப்படுத்தாவிட்டால் கம்பி அறும் கதை முதலிலிருந்து தொடங்கும். நல்ல ஹப் உள்ள விலை கூடிய சைக்கிளில் ரிம்மை மட்டும் மாற்றிக் கோப்பதுதான் லாபம். முன்சக்கரத்தில் சந்தேகம் வந்தால் மாற்றுங்கள். பின்சக்கரத்தில் சந்தேகம் வந்தால் அளந்து பாருங்கள்.

நடுவழியில் சந்தேகம் வந்தால் ஓட்டிக்கொண்டே வீடு போய்ச்சேர முயல வேண்டாம். 2020 நவம்பரிலிருந்து கொச்சி மெட்ரோ ரயிலுக்குள் சைக்கிளைக் கொண்டுபோக அனுமதி இருக்கிறது; வைட்டிலா மெட்ரோ நிலையம் மொபிலிட்டி ஹப்பை ஒட்டியே இருக்கிறது. டயரில் காற்றைக் குறைத்து, உருட்டிக்கொண்டு போய் ஏறிவிடலாம்.

மாற்றிய பிறகு பழைய ரிம்மைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மெலிந்த ரிம் பார்வைக்கு நல்ல ரிம்தான். நேராகச் சுற்றும், துடைத்தால் பளபளக்கும். அது செகண்ட்ஹேண்டாக இன்னொரு சைக்கிளில் ஏறும். அந்த சைக்கிளை வாங்குகிறவர் யார் என்று யோசியுங்கள். வாத்துருத்தியில் குடியிருக்கும் தமிழ்க் கூலித்தொழிலாளியாக இருக்கலாம், பெரும்பாவூருக்கு வேலைக்கு வந்த வங்காளப் பையனாக இருக்கலாம். கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக 2013-லேயே குலாத்தி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் சைக்கிள் வாங்குகிறவர் புது சைக்கிளையா வாங்குவார்? கடைக்காரரிடம் ஆக்சா பிளேடு கேட்டு, ரிம்மை இரண்டு இடத்தில் அறுத்துவிட்டுக் காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள்.